தராசு மறக்கக் கூடாத நான்கு எண்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் என் சித்தப்பா தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடும். அந்தத் தளிரின் காம்பு நுனியில் இருக்கும் சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீரைத்தான் இங்குள்ள தேனீக்கள் பெரும்பாலும் தேனாக்குகின்றன. அந்தச் சில மாதங்கள்தான் சித்தப்பாவுக்கு அறுவடைக் காலம். பெட்டி தினமும் எவ்வளவு எடை கூடுகிறது என்று தெரிந்தால், அடிக்கடி திறந்து ஈக்களைத் தொந்தரவு செய்யாமலே தேன் எடுக்கும் நாளைச் சொல்லிவிடலாம். அதற்காகப் பத்துப் பெட்டிகளுக்கு அடியில் பத்து எடைப் பலகைகள் செய்து வைத்தேன். ஒவ்வொரு பலகையிலும் எடையை உணரும் ஒரு லோடு செல், அது தரும் நுண்ணிய மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 என்ற சில்லு, எல்லாவற்றையும் நடத்தும் ஈஎஸ்பி32 என்ற வைஃபை வசதியுள்ள கன்ட்ரோலர் சில்லு, மேலே சின்ன சோலார் தகடு.

பிப்ரவரியில் ஒரு நாள், தோட்டத்து ஷெட்டில் உட்கார்ந்து பத்துப் பலகைகளுக்கும் வைஃபை வழியாகப் புது மென்பொருள் ஏற்றினேன். மறுநாள் காலை சித்தப்பா கூப்பிட்டார். "மக்கா, ஏழாம் பெட்டியில ஒரே ராத்திரியில ஒரு கிலோ கொறஞ்சிருக்கு. எவனோ அடையை அறுத்துட்டுப் போயிருக்கான்."

இரவில் பெட்டியின் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. ஈக்கள் சிறகால் விசிறி, கொண்டுவந்த நீர்த்த இனிப்பிலிருந்து தண்ணீரை ஆவியாக்கும். ஆனால் ஒரு கிலோ அப்படிக் குறையாது. போய்ப் பார்த்தோம். அடை அப்படியே இருந்தது. தேனும் இருந்தது. காணாமல் போயிருந்தது, அந்தப் பலகைக்குள் நான் எழுதி வைத்திருந்த ஓர் எண்.

அந்த எண் என்ன, அது ஏன் போனது, போகாமல் இருக்க அதை எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்பதை இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு லோடு செல்கள்கூட ஒரே எடைக்கு ஒரே அளவைத் தராது. அதனால் ஒவ்வொரு பலகையையும் தனியாகப் பழக்க வேண்டும்; இதைக் கேலிபரேஷன் என்பார்கள். முதலில் காலியாக வைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். அதுதான் அதன் பூஜ்ஜியம். அப்புறம் 10 கிலோ படிக்கல்லை வைத்து, எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, ஒரு கிலோவுக்கு எத்தனை என்று வகுத்துக்கொள்கிறோம். ஏழாம் பலகைக்கு இது 20,100. மென்பொருளில் நான் பொதுவாக எழுதி வைத்திருந்த மதிப்பு 22,000. இந்த ஒரு வித்தியாசம் போதும், 12 கிலோ பெட்டி 11 கிலோவுக்கும் கீழே தெரிய. இந்த இரண்டு எண்களோடு பலகையின் தொடர் எண், எந்தப் பதிப்பு சர்க்கியூட் என்பதையும் சேர்த்தால் மொத்தம் நான்கு எண்கள். பத்துப் பதினாறு பைட்டுக்குள் அடங்கிவிடும். கருவி பட்டறையை விட்டுக் கிளம்பும்போது எழுதப்படுவதால் இவற்றை ஃபேக்டரி கான்ஃபிகரேஷன் என்பார்கள். நான் பிறப்புக் குறிப்பு என்று சொல்லப்போகிறேன்.

ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கர்

எந்தக் கருவிக்குள்ளும் மூன்று வகைத் தகவல் குடியிருக்கிறது. ஒன்று, மென்பொருள். ஒரே மாடல் கருவிகள் எல்லாவற்றிலும் இது ஒன்றுதான். புதுப் பதிப்பு வந்தால் முழுசாக மாறும். இரண்டாவது, வாங்கியவர் வைக்கும் அமைப்புகள்: வைஃபை கடவுச்சொல், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எடை அனுப்புவது போன்றவை. இவை எப்போது வேண்டுமானாலும் மாறும், அழிந்தாலும் மறுபடி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் பிறப்புக் குறிப்பு. கருவிக்குக் கருவி வேறு, ஒருமுறை எழுதப்படும், வாங்கியவரால் திரும்ப உருவாக்க முடியாது.

மூன்றாவது வகை தனி என்பதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். பல ரூட்டர்களின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் அந்த ரூட்டருக்கு மட்டுமே உரிய வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். நீங்கள் அதை மாற்றி ஐந்து வருடம் ஆகியிருக்கலாம். ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்தினால் உங்கள் அமைப்பெல்லாம் போய், ஸ்டிக்கரில் இருக்கும் அதே பழைய கடவுச்சொல் திரும்ப வந்துவிடும். அது எங்கிருந்து வந்தது? மென்பொருளில் இருந்திருக்க முடியாது. அது எல்லா ரூட்டருக்கும் பொது. உங்கள் அமைப்புகளில் இருந்திருக்க முடியாது, அதைத்தான் அழித்துவிட்டோமே. அப்படியானால் ரீசெட்டின் கை எட்டாத மூன்றாவது இடம் ஒன்று உள்ளே இருக்கிறது. போனும் அப்படித்தான். ஃபேக்டரி ரீசெட் செய்தால் படங்கள் போகும், செயலிகள் போகும். அந்தப் போனுக்கே உரிய அடையாளமான ஐஎம்இஐ எண் மட்டும் மாறாது.

நான் செய்த தவறு, இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் ஒரே கோப்பில் வைத்தது. வைஃபை கடவுச்சொல்லும் லோடு செல்லின் எண்ணும் ஒரே ஜேசன் கோப்பில் (பெயரும் மதிப்பும் எழுதி வைக்கும் எழுத்துக் கோப்பு), ஒரே ஃபைல் சிஸ்டத்தில், அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரே அமைப்பில் இருந்தன. புது மென்பொருளோடு இணையப் பக்கத்துக்கான படங்களையும் மாற்ற வேண்டியிருந்ததால் ஃபைல் சிஸ்டத்தின் முழு இமேஜையும், அதாவது எல்லாக் கோப்புகளும் சேர்ந்த முழுப் பிரதியையும், ஏற்றினேன். அந்த இமேஜில் இருந்தது என் மேசையில் வைத்துச் சோதித்த மாதிரிக் கோப்பு; அதிலும் அதே பொது மதிப்பு 22,000தான். பத்துப் பலகைகளின் பிறப்புக் குறிப்பும் ஒரே நொடியில் ஒரே மாதிரி ஆகிவிட்டது. வீட்டுப் பத்திரத்தையும் பலசரக்குச் சீட்டையும் ஒரே சட்டைப் பையில் வைத்துச் சலவைக்குப் போட்டது போல.

சிலேட்டு மாதிரி ஒரு நினைவகம்

இதைச் சரிசெய்வதற்கு முன், தகவல் உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷ் நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஃபிளாஷை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கி 1984-இல் உலகுக்கு அறிவித்தார். அதன் அடிப்படைக் குணம் இன்றும் மாறவில்லை. அழித்த ஃபிளாஷில் எல்லா பிட்டும் 1. எழுதுவது என்றால் சில 1-களை 0 ஆக்குவது. 0-வைத் திரும்ப 1 ஆக்க வேண்டுமானால் அந்த ஒரு பிட்டை மட்டும் தொட முடியாது. அது இருக்கும் தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். நம் ஈஎஸ்பி32 போன்றவற்றோடு வரும் ஃபிளாஷில் அந்தத் தொகுதி வழக்கமாக 4096 பைட். சிலேட்டில் எந்த வரியிலும் எழுதலாம், ஆனால் துடைத்தால் சிலேட்டு முழுக்கத்தான் துடைக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

16 பைட்டில் ஒரே ஓர் எண்ணை மாற்ற நினைக்கிறீர்கள். 4096 பைட்டையும் வாசித்து, தொகுதியை அழித்து, திருத்தியதைத் திரும்ப எழுத வேண்டும். அழித்த பின், எழுதும் முன், மின்சாரம் போனால்? பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. நான்கைந்து நாள் வெயிலே படாமல் சோலார் பேட்டரி இறங்கி, வைஃபை ரேடியோ எழுந்து மின்னோட்டத்தை இழுக்கும் அந்த நொடியில் சில்லு அணைந்து அணைந்து எரிவதை நான் ஜூன் மாதத்தில் பார்த்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதை இங்கே அன்றாட நிகழ்வாகவே எண்ணி வடிவமைக்க வேண்டும்.

இன்னொன்று, தேய்மானம். இவ்வகை ஃபிளாஷின் ஒரு தொகுதியைச் சுமார் 1 லட்சம் முறை அழித்து எழுதலாம் என்று தரவுத்தாள்கள் சொல்கின்றன. பிறப்புக் குறிப்புக்கு இது கவலையே இல்லை. ஆனால் பத்து விநாடிக்கு ஒருமுறை மாறும் ஒரு தகவலை அதே தொகுதியில் வைத்தால் 1 லட்சம் முறை என்பது பன்னிரண்டு நாளுக்குள் தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் சமாளிக்கத்தான் லிட்டில்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் வந்தன. அது பழையதன் மேல் எழுதாது. வேறு காலி இடத்தில் புதியதை எழுதி முடித்த பிறகே 'இனி இதுதான் செல்லும்' என்று மாற்றிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால் பழையது அப்படியே கிடைக்கும். தேய்மானத்தையும் எல்லாத் தொகுதிகளுக்கும் பரப்பிவிடும். என் பலகைகளில் இருந்தது இதேதான். ஆறு மாதம் மின்தடையிலிருந்து அது கோப்பைக் காப்பாற்றியது. ஃபைல் சிஸ்டத்தையே மொத்தமாக மாற்றி எழுதும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மின்தடைக்கு எதிரான பாதுகாப்பு வேறு, அப்டேட்டுக்கு எதிரான பாதுகாப்பு வேறு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றி மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கே வைப்பது

ஃபிளாஷைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கலாம். ஒரு நிலத்தில் வரப்பு போடுவது போலத்தான். மென்பொருளுக்கு ஒன்று, அமைப்புகளுக்கு ஒன்று, பிறப்புக் குறிப்புக்குத் தனியாக ஒன்று. வைஃபை வழி அப்டேட் மென்பொருள் பார்ட்டிஷனில் மட்டும் எழுதும். ரீசெட், அமைப்புகளின் பார்ட்டிஷனை மட்டும் அழிக்கும். மூன்றாவதை நோக்கி எழுதும் வரி உங்கள் அன்றாட மென்பொருளில் இருக்கவே கூடாது.

ஈஎஸ்பி32-இல் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. அதன் பார்ட்டிஷன் அட்டவணையில் 'ஃபேக்டரி' என்று ஏற்கெனவே ஒன்று இருக்கும். அது முதன்முதலில் ஏற்றிய மென்பொருளுக்கான இடம்; பிறப்புக் குறிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் பார்ட்டிஷனுக்கு வேறு பெயர் வையுங்கள்.

இதே சில்லில் என்விஎஸ் என்ற வசதி இருக்கிறது: பெயர் கொடுத்து மதிப்பை வைக்கலாம், பெயர் சொல்லி எடுக்கலாம். பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் இதற்கு 24 கிலோபைட் ஒதுக்கியிருப்பார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் பிறப்புக் குறிப்பை அங்கேயே வைத்துவிடுவார்கள், எளிது என்பதால். தயவுசெய்து வைக்காதீர்கள். ஏறக்குறைய எல்லா மாதிரி நிரலிலும் தொடக்கத்தில் நாலைந்து வரிகள் வரும்: என்விஎஸ்ஸைத் திற, காலிப் பக்கம் இல்லை என்றோ பதிப்பு மாறியிருக்கிறது என்றோ பிழை வந்தால், அதை முழுசாக அழித்துவிட்டு மறுபடி திற. வைஃபை தகவல் மட்டும் இருக்கும் இடத்துக்கு அது சரியான வழி. அங்கே உங்கள் கேலிபரேஷன் இருந்தால், யாரும் எதுவும் செய்யாமலே ஒருநாள் காணாமல் போகும். என்விஎஸ் வடிவம் பிடித்திருந்தால் அதே வடிவத்தில் வேறு பெயரில் இரண்டாவது பார்ட்டிஷன் வைத்து, வாசிப்பதற்கு மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

லினக்ஸ் ஓடும் கருவிகளிலும் இதே யோசனைதான். ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருளை ஏற்றிய ரூட்டரில், அடியில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வாசிக்க மட்டுமே முடிந்த ஃபைல் சிஸ்டம் இருக்கும். அதன் மேல் கண்ணாடித்தாள் போட்டதுபோல், எழுதக்கூடிய ஓர் அடுக்கு. நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் மேல் அடுக்கில்தான் விழும். ரீசெட் என்பது அந்தத் தாளை உருவி எறிவதுதான். அதெரோஸ் சில்லு கொண்ட பல பழைய ரூட்டர்களில் இந்த இரண்டுக்கும் வெளியே ஏஆர்டி என்ற சிறு பார்ட்டிஷன் இருக்கும். அந்த ஒரு ரூட்டரின் ரேடியோவுக்கு மட்டும் ஆலையில் எடுத்த அளவீடுகளும், பெரும்பாலும் வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் மேக் முகவரியும் அதற்குள். அதை எழுத முடியாதபடிதான் லினக்ஸுக்குக் காட்டுவார்கள். அது அழிந்தால் வேறு ரூட்டரின் நகலைப் போட்டு ஒப்பேற்றலாமே தவிர, அந்த ரேடியோவின் சொந்த அளவீடு திரும்பாது.

ஒருமுறை எழுதினால் அழிக்கவே முடியாத இடமும் உண்டு. ஈஃபியூஸ் என்பார்கள். ஈஎஸ்பி32-இன் மேக் முகவரி அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. முழு ஃபிளாஷையும் அழித்தாலும் அது போகாது. சுசீந்திரம் கோயில் கல்வெட்டு மாதிரி, செதுக்கியது செதுக்கியதுதான். தொடர் எண்ணுக்கு அது பொருந்தும். கேலிபரேஷனுக்குப் பொருந்தாது, லோடு செல்லை மாற்றினால் எண்ணும் மாற வேண்டுமே.

அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. 20,100 என்ற எண் யாருடையது? ஈஎஸ்பி32-உடையது அல்ல, லோடு செல்லுடையது. இடி விழுந்து கன்ட்ரோலர் போர்டு கருகினால், புதுப் போர்டு மாட்டுவேன். லோடு செல் பழையதுதான். எண் போர்டோடு போய்விட்டால் படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு மறுபடி தோட்டத்துக்குப் போக வேண்டும். அதனால் இப்போது லோடு செல்லின் பக்கத்திலேயே 24சி32 என்ற சிறு ஈஈபிராம் சில்லை, அதாவது மின்சாரம் போனாலும் மறக்காத இன்னொரு வகை நினைவகத்தை, சேர்த்திருக்கிறேன். 4096 பைட் கொள்ளும். நமக்கு அதுவே ஏகப்பட்டது. ஃபிளாஷ் போல முழுத் தொகுதியை அழிக்க வேண்டாம், ஒரு பைட்டை மட்டும் மாற்றலாம். எழுதத் தடை போடும் கால் (பின்) ஒன்று அதில் இருக்கிறது. அந்தக் காலை மின்சாரத்தோடு இணைத்துவிட்டால் மென்பொருளில் எந்தப் பிழை இருந்தாலும் உள்ளே எழுத முடியாது. கேலிபரேட் செய்யும்போது மட்டும் ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டைப் போட்டுத் தடையை எடுக்கிறேன், முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். கடைத்தராசில் கேலிபரேஷனைத் தொட முடியாதபடி முத்திரை வைப்பார்கள் அல்லவா, 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் தராசைச் சரிபார்த்து முத்திரையிடச் சொல்கிறது, அதே அக்கறைதான் இதுவும். பிறப்புக் குறிப்பு எந்தப் பொருளைப் பற்றியதோ அந்தப் பொருளோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் நிறைய அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எழுதும் முறை

இடத்தைத் தேர்ந்தபின் எழுதும் விதம். கோப்பாக வைப்பதானால், இருக்கும் கோப்பைத் திறந்து அதன் மேலேயே எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் புதுக் கோப்பு எழுதி, அது உண்மையில் ஃபிளாஷுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, கடைசியில் பழைய பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒன்று முழுசாக நடக்கும், இல்லை நடக்கவே நடக்காது; லினக்ஸும் லிட்டில்எஃப்எஸ்ஸும் இந்த உறுதியைத் தருகின்றன. பழைய ஃபேட் வகை மெமரி கார்டுகளில் இந்த நம்பிக்கை வேண்டாம்.

ஃபைல் சிஸ்டமே இல்லாமல் நேராக எழுதுவதானால் இரண்டு பிரதி வையுங்கள். இரண்டும் வெவ்வேறு தொகுதியில் இருக்க வேண்டும். ஒரே தொகுதியில் வைத்தால் ஒரே துடைப்பில் இரண்டும் போகும். ஒன்றை எழுதி, வாசித்துச் சரிபார்த்து, அப்புறம்தான் மற்றதைத் தொட வேண்டும். ஒவ்வொரு பிரதியோடும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருக்கட்டும். பலசரக்குப் பில்லின் கீழே மொத்தம் போட்டிருப்பார்கள். நாமும் கூட்டிப் பார்த்து ஒத்துப்போனால் பில் சரி. அதுபோலத்தான் இதுவும். ஆனால் வெறும் கூட்டலை நம்பாதீர்கள். எல்லாம் பூஜ்ஜியமாகக் கிடக்கும் இடத்தில் கூட்டலும் பூஜ்ஜியம்தான்; ஒத்துப்போய்விடும். பல கருவிகளை முதலில் எழுப்பும் யூ-பூட் தன் அமைப்புகளை இதே முறையில் இரு பிரதியாக, சிஆர்சி-32 சேர்த்து வைக்க வசதி தருகிறது. முதல் பைட்டாக ஒரு பதிப்பு எண்ணையும் போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் ஐந்தாவது எண் ஒன்று தேவைப்படும். அப்போது பழைய பலகையையும் புதுப் பலகையையும் பிரித்தறிய அந்த ஒரு பைட்தான் உதவும்.

இரண்டு பிரதியும் கெட்டுப்போனால் என்ன செய்வது? இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. என் பழைய மென்பொருள் தன்னிடம் இருந்த எண் யாருடையது என்று கேட்கவே இல்லை. மாதிரிக் கோப்பில் தொடர் எண் 0 என்று இருந்தது. அதை ஒருமுறை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கோப்பே இல்லாவிட்டாலும் சத்தம் காட்டாமல் 22,000 என்ற பொது மதிப்பை எடுத்துக்கொள்ளும்படிதான் எழுதியிருந்தேன். திரையில் ஓர் எடை வந்தது, அது பொய் என்று தெரிய வழியே இல்லை, சித்தப்பா பக்கத்துத் தோட்டக்காரர்கள்மேல் சந்தேகப்பட்டார். வைஃபை அமைப்பு காணாமல் போனால் பொது மதிப்பில் தொடங்கலாம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பிறப்புக் குறிப்பு காணாமல் போனால் கருவி எடை சொல்லக் கூடாது. 'கேலிபரேஷன் இல்லை' என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். இப்போது என் பலகைகள் அப்படித்தான் செய்கின்றன: சிவப்பு விளக்கு எரியும், எடைக்குப் பதில் பிழை எண் மட்டும் வரும்.

கருவிக்கு வெளியேயும் ஒரு நகல் இருக்கட்டும். தொடர் எண், பூஜ்ஜியம், கிலோவுக்கான எண், கேலிபரேட் செய்த தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும். என்னிடம் அந்த நோட்டு இல்லாததால், பத்துப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கி, படிக்கல் வைத்து மறுபடி அளக்க மூன்று சாயங்காலங்கள் ஆயின. ஈக்கள் திரும்பி அடங்கிய பிறகுதான் பெட்டியை அசைக்க முடியும்; இருட்டில் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு செய்தோம். ஒவ்வொரு பலகையையும் முடித்ததும் அதன் எண்களைச் சித்தப்பா பலகையின் அடிப்பக்கத்தில் பெயின்டால் எழுதிக்கொண்டே வந்தார்.

இப்போது புதுப் பலகை எதுவும் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் மூன்று சோதனை வைக்கிறேன். பிறப்புக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்குவேன், ஐம்பது முறை, ஒவ்வொரு முறையும் வேறு நொடியில். ரீசெட் செய்து நான்கு எண்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். மென்பொருளையும் ஃபைல் சிஸ்டத்தையும் முழுசாக மாற்றி ஏற்றி, 10 கிலோ படிக்கல்லை வைப்பேன். திரையில் 10 வந்தால்தான் பலகை குலசேகரம் பஸ் ஏறும்.